மிதவை நாட்கள்

ஓவுலுவில் நவம்பர். மூன்று மணி ஆகுமுன்னே
சன்னலில் இருட்டைப் பூசிவிடுகிறார்கள்.
தகவல் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு,
பி-214ஆம் அறை, திட்ட மேலாண்மை வகுப்பு.
ஹீட்டர் மேல் காயும் கையுறைகளின் ஈர வாடையில்
விரிவுரையாளர் ஹூர்மே பலகையில் கட்டங்கள் வரைகிறார்.

"ஒரு வேலை எத்தனை நாள் பிந்தினாலும்
மொத்தத் திட்டம் பிந்தாதோ,
அத்தனை நாளும் அதன் மிதவை.
மிதவை இல்லாத வேலைகளின் வரிசை உயிர்ப்பாதை.
அதில் ஒருவர் சறுக்கினால் எல்லாரும் சறுக்குவீர்கள்."
எழுதிக்கொண்டேன். தேர்வுக்கு வரும் என்று
அடிக்கோடும் போட்டேன்.

எங்கள் திட்டம் பெரிய மலையொன்றுமில்லை.
ஓர் அடுக்ககம், நாற்பத்திரண்டு வீடுகள்,
கீழ்த்தளத்தில் எல்லாருக்குமாக ஒரே சவுனா.
யாருக்கு எந்த மணி என்று கைபேசியில் பதிய ஒரு செயலி.
இதுவரை இருந்தது கதவில் ஒரு தாள்,
நூலில் கட்டிய ஒரு பென்சில்.
பென்சில் அடிக்கடி காணாமல் போகிறது,
இதுதான் வாடிக்கையாளர் சொன்ன பிரச்சினை.
நூலை மாற்றினால் போதாதா என்று கேட்டான் தனேலி.
கேட்கக் கூடாது. ஐந்து கிரெடிட்.

நாங்கள் நால்வர். யல்மாரிக்குத் தரவுத்தளம்,
தனேலிக்குத் திரைகள், ஹில்ப்பாவுக்குச் சோதனை,
சீட்டு என் பெயரில் விழுந்ததால் நான் மேலாளர்.
மேலாளர் என்றால் பட்டைகளுக்கு நிறம் பூசுகிறவள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பூசினேன், ராத்திரி ஒரு மணிவரை,
பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

ஆறாம் வாரம் ஹில்ப்பா வரவில்லை.
திங்களன்று ஒரு செய்தி அனுப்பினேன். புதனன்று இன்னொன்று.
வெள்ளியன்று இடர்ப் பதிவேட்டைத் திறந்தேன்:
"இடர் எண் 7. உறுப்பினர் தொடர்பில் இல்லை.
நிகழ வாய்ப்பு: நிகழ்ந்துவிட்டது.
பாதிப்பு:"
அங்கே நிறுத்தி, அவள் பட்டையை
வலப்பக்கம் இழுத்துப் பார்த்தேன்.
ஒரு நாள், இரண்டு, ஐந்து, எட்டு.
முடிவுத் தேதி
இமைகூட அசைக்கவில்லை.
பதினோரு நாள் மிதவை அவளுக்கு.
"பாதிப்பு: இல்லை" என்று நிரப்பிவிட்டு
நிம்மதியாகத் தூங்கினேன். இதை மறைப்பதற்கில்லை.

ஒன்பதாம் நாள் வந்தாள்.
காய்ச்சலில்லை, சாவில்லை, காதலுமில்லை.
எழுந்திருக்க முடியலை, அவ்வளவுதான் என்றாள்.
திரைச்சீலையை விலக்கினாலும் விலக்காவிட்டாலும்
ஒன்றாகவே இருந்ததாம்.
கையுறைகளை ஹீட்டர் மேல் வைத்தாள்,
கணினியைத் திறந்தாள்,
பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு வந்து நின்றாள்.
மூடு என்று நான் சொல்வதற்குள் படித்துவிட்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்கே.
நானும் இதே கணக்கைத்தான்
படுத்துக்கிட்டே போட்டுப் பார்த்தேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. யல்மாரி மட்டும்
உப்பு மிட்டாய் டப்பாவை மேசைமீது
அவள் பக்கம் ஒரு சாண் நகர்த்தினான்.
அவன் அந்த வாரம் பேசிய பேச்சு அது.

அன்றிரவு பட்டைகளை மறுபடி விரித்தேன்.
அவள் சோதனையின் நுனியிலிருந்து ஓர் அம்பை இழுத்து
என் வேலையின் தலையில் கொண்டுபோய்ச் செருகினேன்:
இது முடியாமல் அது தொடங்காது.
தனேலிக்கு ஓர் அம்பு. யல்மாரிக்கு ஒன்று.
மிதவை பதினொன்று, ஆறு, இரண்டு,
சுழியம்.
முடிவுத் தேதி நான்கு நாள் தள்ளிப் போனது.
போகட்டும்.

ஓரக்குறிப்பில் ஹூர்மே எழுதியிருந்தார்:
"தேவையற்ற சார்புகள். காரணம் காட்டப்படவில்லை."
மூன்று மதிப்பெண் போச்சு.

செயலி டிசம்பரில் பிந்தித்தான் முடிந்தது.
முதல் பதிவை ஹில்ப்பா போட்டாள்:
வியாழன், மாலை ஏழு மணி, நான்கு பேர்.
துண்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினோம்.
கீழ்த்தளக் கதவில் பழைய தாள் அப்படியே இருந்தது.
பென்சிலும் இருந்தது.
நூல் மட்டும் புதிது.
தனேலி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.